எல்குஜாவின் நாக்கு

வாயில் ஊற்றிக்கொண்ட ஒயினைத் துப்புவதா விழுங்குவதா என்று எல்குஜா தவித்துக்கொண்டிருந்தார்.

துப்புவதுதான் முறை. வீடு வீடாகப் போய் ஒயினைச் சுவைத்து மார்க் போடுகிறவர் விழுங்க ஆரம்பித்தால், நாலாவது வீட்டுக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். அதற்காகவே எல்லா வீட்டிலும் மேஜையில் ஒரு கிண்ணம் வைப்பார்கள். இந்த வீட்டிலும் வைத்திருந்தார்கள். ஆனால் அது நிறைய வெள்ளரிக்காய் ஊறுகாய் இருந்தது.

"எப்படி இருக்கு சார்?" என்றார் வீட்டுக்காரர் நோதார். ஜாடியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி, பிரசவ வார்டு வாசலில் நிற்கும் அப்பனைப் போல நின்றார்.

எல்குஜா கையை உயர்த்தி, பொறுங்கள் என்று சைகை செய்தார். வாய்க்குள் ஒரு கலவரம் நடந்துகொண்டிருந்தது. முதலில் காடி சுள்ளென்று நாக்கின் ஓரத்தைக் கடித்தது. அதன் பின்னால் நனைந்த சாக்கு வாடை. அதற்கும் பின்னால், தொண்டைக்குப் பக்கத்தில், எலிகள் குடும்பம் நடத்திய பரணின் வாசனை.

வேறு வீடாக இருந்தால் இந்நேரம் தீர்ப்பு சொல்லியிருப்பார். சிறு ஒயின்காரர்களின் சங்கத்தில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் ஒயினைச் சுவைத்துவிட்டு, "பூட்ஸுக்குப் பாலிஷ் போடறதுக்கு நல்லா இருக்கும்" என்று அந்த அதிகாரியிடமே சொன்னவர். அவர் கார் தெருவில் திரும்பினாலே கஹெத்தி வட்டாரத்தில் பாதி வீடுகளில் ஆண்கள் தோட்டத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆனால் இன்று மேஜைக்கு அந்தப் பக்கம் லமாரா நின்றுகொண்டிருந்தாள்.

தெலாவி ஒயின் கல்லூரியில் ஆய்வகத்தின் கடைசி மேஜை அவர்கள் இருவருக்கும். ஒரே சோதனைக் குழாய், ஒரே விளக்கு. அவளுக்குக் கையெழுத்து அழகு, இவருக்கு மூக்கு கூர்மை. இவர் மோந்து சொல்ல, அவள் எழுதுவாள். அறுவடைக் காலத்தில் மொத்த வகுப்பையும் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றித் தோட்டத்துக்கு அழைத்துப் போவார்கள். திரும்பும்போது எல்லோர் கையும் முழங்கைவரை கருஞ்சிவப்பாக இருக்கும். அவள் முதல் குரல் எடுக்க, பையன்கள் எல்லாம் அடிக்குரலில் சேர்ந்துகொள்வார்கள். சொல்லவேண்டியதைச் சொல்ல எல்குஜா நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் அந்த டிராக்டரை ரிப்பேர் செய்ய ஒரு மெக்கானிக் வந்தான். அவன் நாள் பார்க்கவில்லை. அவன்தான் இப்போது ஜாடியை அணைத்துக்கொண்டு நிற்கும் நோதார்.

சங்கம் கொடுத்த சீட்டில் நோதாரின் பெயர் மட்டும்தான் இருந்தது. கதவைத் திறந்து, கையில் சுடச்சுட ரொட்டியோடு, "வா எல்குஜா" என்று லமாரா சிரித்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தலையில் நரை ஓடியிருந்தது. சிரிப்பு மட்டும் டிரெய்லரில் இருந்த அதே சிரிப்பு. விதிதான் நம்மை இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பின் முன்னால் எப்படித் துப்புவது? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"நிறம் பிரமாதம்" என்றார். அது பொய்யில்லை. இரவு வானத்தைப் பிழிந்து எடுத்தது போல இருந்தது அந்தக் கருஞ்சிவப்பு.

"கேட்டியா? நிறம் பிரமாதமாம்!" நோதார் மகள் மாக்காவின் பக்கம் திரும்பிக் கூவினார். தூளியில் கைக்குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்த மாக்கா, "நிறம் நல்லாத்தாம்ப்பா இருக்கும்" என்றாள்.

"நிறம் கிடக்கட்டும்" என்றாள் லமாரா. "ருசி எப்படி? அதைச் சொல்லு."

அவள் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. பாவம், எவ்வளவு ஆசையோடு கேட்கிறாள் என்று எல்குஜாவுக்குத் தொண்டையை அடைத்தது. காடியும் கொஞ்சம் காரணம்.

"ஒரு தாழியை வச்சு முடிவு சொல்றது சரியில்லை" என்றார். "இன்னொரு தாழியிலேர்ந்து எடுங்க."

இன்னொன்று கொஞ்சம் சுமாராக இருந்துவிட்டால் அதை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு. நோதாருக்கு வேறு கணக்கு. "ரெண்டாவது தாழியும் கேக்கறார் லமாரா! ஒண்ணோட நிறுத்த மனசு வரல அவருக்கு!"

வீட்டுக்குப் பின்னால் தாழிக் கொட்டகை. கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய பெரிய மண் தாழிகள். நோதார் மண்டியிட்டு, மூடியைச் சுற்றிப் பூசியிருந்த களிமண்ணைக் குழந்தைக்கு வாய் துடைத்துவிடுவது போலத் துடைத்து எடுத்தார். மூடி திறந்ததும் எல்குஜா ஓரடி பின்னால் போனார்.

"வாசம் தூக்குது இல்ல?" என்றார் நோதார் பெருமையாக.

"தூக்குது."

இந்த ஒயினின் பக்கத்தில் அந்த முதல் ஒயின் தேன். எல்குஜா அதையும் விழுங்கினார்.

"தாழியை எப்படிக் கழுவறீங்க?"

"கழுவறதா?" நோதார் அதிர்ந்துபோனார். "எங்க அப்பா காலத்து ஒயினோட வாசம் இதுல ஊறிக் கிடக்குது சார். அதைப் போய்க் கழுவலாமா? குடும்ப ஞாபகம் சார் அது!"

விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. திராட்சை தங்கம். தாழிதான் நாசம். இதைச் சொல்லிவிடலாம். சுண்ணாம்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வாக்கியம் போதும். எல்குஜா வாயைத் திறந்தார்.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. லமாரா நின்றிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பீச் தோட்டம் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. 

"எல்குஜா" என்றாள் தாழ்ந்த குரலில். "உன் மனசுல இருக்கறதை அப்படியே சொல்லிடு. மென்னு முழுங்காத. உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா?"

அந்த வார்த்தைக்காக முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் ஆய்வகத்தையே கொளுத்தியிருப்பார். சுண்ணாம்பு, வெந்நீர் எல்லாம் மறந்துபோயிற்று.

"இது சாப்பாட்டு ஒயின்" என்றார் திணறிக்கொண்டு. "வெறும் வயித்துல குடிச்சா இதோட அருமை தெரியாது. சாப்பாட்டோடதான் தெரியும்."

சொன்னபிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

ஒரு மணி நேரத்தில் மேஜை நிறைந்துவிட்டது. கழித்துப்போட்ட திராட்சைக்கொடிச் சுள்ளியை எரித்து, அந்தத் தணலில் வாட்டிய பன்றி இறைச்சி, அவித்த பீன்ஸ், அக்ரூட் விழுது தடவிய கத்தரிக்காய், பாலாடைக்கட்டி, புளிப்பு பிளம்ஸ் சட்னி. பக்கத்து வீட்டு கிவியையும் கூப்பிட்டுவிட்டார்கள். ஊரில் எல்லோருடைய வேலைக்கும் தன் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு வருகிற மனிதர். மீசை பெரிது, பேச்சு கம்மி. உட்கார்ந்ததுமே தன் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"டாக்டர் வேண்டாம்னுட்டார்."

மாக்கா குழந்தைக்குப் பால் கொடுப்பதால் குடிப்பதில்லையாம். லமாரா ஏதோ மாத்திரை சாப்பிடுகிறாளாம். ஆக, ஜாடிக்கு மிஞ்சியது எல்குஜாவும் நோதாரும்தான்.

விருந்தில் வீட்டுக்காரர் எழுந்து வாழ்த்துச் சொன்னால் கோப்பையைக் காலி செய்தாகவேண்டும். கடவுளுக்கு ஒரு கோப்பை. நாட்டுக்கு ஒரு கோப்பை. இறந்துபோனவர்களுக்கு ஒரு கோப்பை. அப்பாவை நினைத்து நோதார் கண் கலங்கினார். எல்குஜாவுக்கும் தாரை தாரையாகக் கொட்டியது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

"சார் சாருன்னு கூப்பிடவே வாய் வரல" என்றார் நோதார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "லமாராகூட ஒண்ணாப் படிச்சவர். எனக்கு மச்சான் முறை ஆகுது. ஏன் மச்சான்?"

எல்குஜா தலையாட்டினார். அன்று குடித்ததிலேயே அந்த வார்த்தைதான் அதிகம் புளித்தது.

"சொல்லு மச்சான். சாப்பாட்டோட சேர்ந்து எப்படி இருக்கு?"

அதே நொடியில் மேஜைக்கு அடியில் ஒரு கால் எல்குஜாவின் காலை மிதித்தது. நிமிர்ந்து பார்த்தார். லமாரா நேராக அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்குஜாவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பேத்தி எடுத்த வயதில் இவளுக்கு என்ன துணிச்சல்!

"உடம்பு... நல்ல உடம்பு" என்றார்.

"யாருக்கு?" என்றார் கிவி.

"ஒயினுக்கு."

கால் இன்னும் பலமாக மிதித்தது.

"நீண்ட நேரம் நாக்குல நிக்குது" என்றார் எல்குஜா. அதுவும் பொய்யில்லை.

இந்த முறை குதிகாலால். வலியில் அவருக்கு மூச்சு அடைத்தது. காதலும் இப்படித்தான் வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

லமாரா முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். "இவனைப் பத்தி ஒரு கதை சொல்றேன் கேளுங்க. எங்க புரொஃபசர் ஒருத்தர் இருந்தார். மலை மாதிரி ஆள். அவர் பேரைச் சொன்னாலே மொத்தக் கல்லூரியும் எழுந்து நிக்கும். ஒருநாள் தன் வீட்டு ஒயினைக் கொண்டுவந்து வகுப்புல ஆளுக்கு ஒரு வாய் குடுத்தார். எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. நானும்தான். இவன் முறை வந்துச்சு. எழுந்து நின்னு, 'சார், இதுல வெள்ளரிக்காய் ஊறப்போடலாம்'னான்."

கிவி சிரித்தார். மாக்காகூடச் சிரித்தாள்.

"புரொஃபசர் என்ன பண்ணார் தெரியுமா? வீட்டுக்குப் போய்த் தாழியெல்லாம் காலி பண்ணிட்டார். அடுத்த வருஷம் அவர் கொண்டுவந்த ஒயின் இருக்கே, இன்னிக்கும் என் நாக்குல இருக்கு." லமாரா எல்குஜாவை ஏறிட்டாள். "அந்த எல்குஜா எங்கே போனான்?"

எல்குஜா குனிந்துகொண்டார். ஓ, இதுதானா. இத்தனை வருஷமாக அவர் தேடிய பதில் கிடைத்துவிட்டது. அன்று வகுப்பில் ஒரு பெரிய மனிதரை அவமானப்படுத்தினார். அதைப் பார்த்துத்தான் லமாராவின் மனம் முறிந்திருக்கிறது. கரடுமுரடான வாய்க்காரனோடு எந்தப் பெண் குடித்தனம் நடத்துவாள்? பதமாகப் பேசத் தெரிந்த மெக்கானிக்கோடு போய்விட்டாள். அந்த எல்குஜா செத்துவிட்டான் என்று அவளுக்குக் காட்டவேண்டும்.

கோப்பையோடு எழுந்து நின்றார். ஐந்தாவதோ ஆறாவதோ கோப்பை. கால் கொஞ்சம் ஆடியது.

"நான் இதுவரைக்கும் ஒயினை நாக்கால மட்டும்தான் குடிச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தார். "இன்னிக்குத்தான் முதல் தடவையா மனசால குடிக்கிறேன். இதை வாயில வச்சதும் எனக்கு என்ன ஞாபகம் வருது தெரியுமா? தெலாவி ரோட்டுல சாயங்காலம் ஒரு டிரெய்லர் போகுது. தூரத்துல மலை உச்சியில பனி. எல்லார் கையும் சிவப்பு. ஒரு பொண்ணு பாட ஆரம்பிக்கிறா. காத்துல அவ முடி பறந்து பக்கத்துல இருக்கறவன் மூஞ்சியில அடிக்குது. அவன் அதை விலக்கல. இருபது வயசு அவனுக்கு. விலக்கணும்னு தோணவே இல்ல. அந்த ரோட்டுப் புழுதி, கூடையில நசுங்கின பழம், அந்தப் பாட்டு, எல்லாம் இந்தக் கோப்பையில இருக்கு. ஒயினுக்கு மார்க் போட்டுடலாம். அதுக்கு யார் மார்க் போட முடியும்?"

பேசும்போது அவருக்கே நிஜமாக அந்தப் புழுதி வாசனை மூக்கில் ஏறியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், லமாராவின் முகமும் இளகியது. ஜன்னல் பக்கம் திரும்பி, உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தாள். பாட்டின் முதல் அடியாகக்கூட இருக்கலாம்.

எல்குஜா கோப்பையைக் கவிழ்த்துக் குடித்தார். சங்கத்தின் தாளை எடுத்து, நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் வாழ்நாளில் அதற்கு முன் போட்ட உச்சம் எண்பத்தி ஒன்று.

லமாரா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து எல்குஜாவும் மூக்கை உறிஞ்சினார்.

நோதார் குழந்தை மாதிரித் தேம்பி அழுது, அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பிறகு முஷ்டியால் மேஜையில் ஓங்கி அடித்தார்.

"முடிவு பண்ணிட்டேன்! நாளைக்குக் காலையில பீச் மரத்தையெல்லாம் வெட்டறேன். அந்த நிலம் முழுக்கத் திராட்சைதான்!"

லமாராவின் முழங்கை பட்டு ஒரு தட்டு தரையில் விழுந்து உடைந்தது. அவள் கல்யாணமாகி வந்த வருஷம் நட்ட மரங்கள் அவை.

எல்குஜாவுக்குப் போதை கொஞ்சம் இறங்கியது. பூத்துக் கிடந்த அந்தத் தோட்டம் கண் முன் வந்தது. "வேண்டாம், வேண்டாம். மரம் இருக்கட்டும் நோதார். இப்ப இருக்கற திராட்சையே உனக்குத் தாராளம். பாதிக்கு மேல ஃபாக்டரிக்கு விலைக்குத்தானே போகுது?"

"அப்படிச் சொல்லு மச்சான்!" நோதாரின் முகம் பளிச்சென்று ஆயிற்று. "எனக்கு இது தோணாமப் போச்சே. இந்த வருஷம் ஃபாக்டரிக்கு ஒரு குலை கிடையாது. அத்தனையும் நம்ம தாழிக்குத்தான். புதுசா ஆறு தாழி புதைக்கிறேன். பழைய தாழியிலேர்ந்து ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் ஊத்திவிட்டா, வாசம் புதுசுக்கும் பரவிடும்."

மாக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடுவிடென்று உள்ளே போனாள். உள்ளே கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது.

"அவளுக்கும் சந்தோஷம் தாங்கல" என்றார் நோதார்.

கிளம்பும்போது எல்குஜாவின் இரண்டு கையிலும் கைக்கொரு பெரிய கேன் தொங்கியது, இரண்டிலும் வாய்வரை ஒயின். குடித்துவிட்டுத் தன் காரை ஓட்டக் கூடாதென்று கிவியின் ஜீப்பில் ஏற்றினார்கள். காரை மறுநாள் யாராவது கொண்டுவந்து விடுவார்களாம். லமாரா கேட் வரை வந்தாள். பீச் பூ ஒன்று காற்றில் வந்து அவள் தோளில் உட்கார்ந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

"நான் எதையும் மறக்கல லமாரா" என்றார் எல்குஜா, நோதாருக்குக் கேட்காமல்.

"நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றாள் லமாரா. கண் சிவந்திருந்தது. "என் தப்புதான் எல்லாம்."

இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? ஜீப் தெருவைத் தாண்டும்வரை அவர் திரும்பித் திரும்பிக் கையை ஆட்டினார். பக்கத்து வயலில் யாரோ கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்கால வெயில் மலைப்பனியில் பட்டு, பனி முழுக்க ஒயின் கொட்டியது போலச் சிவந்திருந்தது. எல்குஜா அந்தப் பழைய பாட்டை முணுமுணுத்தார். அடிக்குரல் மட்டும். முதல் குரலுக்கு இடம் விட்டு.

கேன் தளும்பி அவர் சட்டையை நனைத்தது. அதைப் பொருட்படுத்தவில்லை.

"கிவி" என்றார் கொஞ்ச தூரம் போனதும், வெளியே பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு. "லமாரா எப்பவாவது என்னைப் பத்திப் பேசியிருக்காளா?"

"ஒரு மாசமா அந்த வீட்ல வேற பேச்சே கிடையாதே."

எல்குஜா சட்டென்று திரும்பினார். "அப்படியா? என்ன... என்ன சொன்னா?"

கிவி கியரை மாற்றினார். மீசையைத் தடவிக்கொண்டார். நல்ல மனிதர், சொல்வதற்கு அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

"பத்து வருஷமா அந்தக் கண்றாவியைக் குடிச்சிட்டு, நோதார் மனசு நோகக்கூடாதுன்னு ஊரே நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கு, 'மூஞ்சிக்கு நேரா நாராசமா இருக்குன்னு சொல்ற தைரியம் உலகத்துல ஒருத்தனுக்குத்தான் உண்டு'ன்னு லமாரா அக்காதானே சங்கத்துக்கு நாலு தடவை போன் பண்ணிச் சண்டை போட்டு, வேற யாரும் வேண்டாம்னு உங்களையே அனுப்பச் சொன்னாங்க!"